பிழைச் செய்தியும் நம் இளைஞரும்

(வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றப்பெற்ற உரை)

    

கல்விக்கென்றே தோன்றிய நம் கழகம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்திருக்கும் இந்நன்னாளில், கட்டற்ற மென்பொருளைக் கணிப்பொறியில் நிறுவ முயலும் புதியவர்கள் எதிர்கொள்ளும் பிழைகளைப் பற்றிப் பேசுமாறு நாம் பணிக்கப்பட்டுள்ளோம். விழா மேடைக்கு ஏற்ற பொருள்தானா இது என்று பெரியவர்கள் சிலர் எண்ணக்கூடும். நம் இளைஞர் பலருடைய கணிப்பொறிப் படிப்பு அந்தப் பிழைச் செய்தியின் முன்னால்தான் நின்றுவிடுகிறது. ஆகவே இம்மேடையில் பேசுதற்கு இது முற்றிலும் தகுதியான பொருளே என்பது நம் கருத்து.

தரமணியின் நிலை

நாம் வாழும் தரமணியைச் சற்று எண்ணிப் பாருங்கள். மத்தியப் பாலிடெக்னிக் இங்கே இருக்கிறது. 1962-ஆம் ஆண்டில் தோன்றிய கணித அறிவியல் நிறுவனம் இங்கே இருக்கிறது. 2000-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட டைடல் பூங்கா நம் கண்ணெதிரே உயர்ந்து நிற்கிறது. அப்பூங்காவில் அமைந்த சி-டாக் என்னும் மத்திய அரசு நிறுவனத்தின் சென்னை மையம் 'பாஸ்' என்னும் இயங்குதளத்தை உருவாக்கி, அதன் முதற் பதிப்பை 2007-ஆம் ஆண்டில் வெளியிட்டது. டெபியன் என்னும் கட்டற்ற லினக்ஸ் தொகுப்பை அடிப்படையாகக் கொண்டது அது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் பயன்படுத்தத் தக்கது.

அக்கட்டடங்களின் தளங்களைத் துடைப்போரும், வாயில்களைக் காப்போரும், உணவு பரிமாறுவோரும் நம் தெருக்களிலிருந்து நாள்தோறும் செல்கிறார்கள். உழைப்பில் இழிவு ஏதுமில்லை. ஆயினும் அங்கே கணிப்பொறியின் முன் அமர்ந்திருப்போருள் நம் பிள்ளைகள் எத்தனை பேர் என்னும் வினாவை நாம் கேட்டுக்கொள்ளாமல் இருத்தல் இயலாது.

கருவியே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. 2011-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணிப்பொறிகளை வழங்கத் தொடங்கியது. அவற்றில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இடம்பெற்றது. டைடல் பூங்காவில் செய்யப்பட்ட பொருள் நம் குடிசைக்குள் வந்து சேர்ந்தது. அதைத் திறந்து, ஒரு மென்பொருளை நிறுவ எண்ணிக் கட்டளை இட்ட இளைஞருக்குக் கருந்திரையில் நான்கு வரி ஆங்கிலம் பதிலாக வந்தது. அவர் மூடி வைத்துவிட்டார். 'நமக்கு இது வராது' என்றார்.

தோழர்களே! 'உனக்கு இது வராது' என்று எத்தனையோ தலைமுறைகளாக நம்மை நோக்கிச் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே பொறியொன்று 'முடியாது' என்றவுடன் அந்தப் பழைய குரலே நம் இளைஞர் காதில் ஒலிக்கிறது. பொறிக்கு நம் குலமும் தெரியாது, கோத்திரமும் தெரியாது. இன்ன இடத்தில் இன்ன காரணத்தால் நின்றுவிட்டேன் என்று மட்டுமே அது சொல்லுகிறது. அதைப் படித்தறியும் வழியே இன்றைய நம் பேச்சு.

ஷெல் என்பது யாது?

நாம் தட்டச்சிடும் கட்டளைகளை வாங்கி, இயங்குதளத்தைக் கொண்டு நிறைவேற்றித் தரும் நிரலுக்கு ஷெல் என்று பெயர். யூனிக்ஸ் இயங்குதளத்தின் ஏழாம் பதிப்போடு 1979-ஆம் ஆண்டில் ஸ்டீபன் போர்ன் எழுதிய ஷெல் வெளிவந்தது. அதன் வழியில் பிரையன் ஃபாக்ஸ் எழுதிய 'பாஷ்' 1989-இல் வெளியாயிற்று. இன்று லினக்ஸ் கணிப்பொறிகளில் நாம் பெரும்பாலும் உரையாடுவது பாஷிடமே.

ஒன்றன்பின் ஒன்றாக இட வேண்டிய கட்டளைகளை ஒரே கோப்பில் எழுதி வைத்தால் அது ஷெல் ஸ்கிரிப்ட், அதாவது கட்டளைத் தொடர் ஆகும். அடுப்பை மூட்டு, உலை வை, அரிசியைக் களைந்து போடு, வடித்து இறக்கு, பந்தியில் பரிமாறு என்று திருமண வீட்டில் எழுதிக் கொடுத்த குறிப்பைப் போன்றது அது. மனிதச் சமையற்காரர் அரிசி வரவில்லையென்றால் நின்று கேட்பார். ஷெல்லோ, நிற்குமாறு தொடரிலேயே எழுதப்படாவிட்டால், அரிசி இல்லாத உலையையும் வடித்து இறக்கிப் பந்திக்குக் கொண்டுபோகும். ஒரு பிழைக்குப் பின் பத்துப் பிழைகள் தொடர்ந்து வருவதன் காரணம் இதுவே.

தொடர் தடுமாறும்போது பாஷ் பெரும்பாலும் மூன்று செய்திகளைத் தருகிறது. எந்தக் கோப்பு, எத்தனையாவது வரி, என்ன காரணம் என்பனவே அம்மூன்று. இம்மூன்றையும் எழுத்துக் கூட்டியாவது படிப்பவர் பாதி வழியைக் கடந்தவர் ஆவார்.

அனுமதி மறுக்கப்பட்டது

புதியவர் முதலிற் காணும் பிழை பெரும்பாலும் 'அனுமதி மறுக்கப்பட்டது' என்பதாகும். நமக்கு மிகவும் பழகிய சொற்றொடர்தான்! ஆனால் இங்கே இதற்கு இருவேறு பொருள்கள் உண்டு.

லினக்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் படித்தல், எழுதுதல், இயக்குதல் என்னும் மூவகை உரிமைகள் உள. அவை உரிமையாளர், குழுவினர், ஏனையோர் என்னும் மூவர்க்கும் தனித்தனியே வரையறுக்கப்படுகின்றன. வெளியிலிருந்து இறக்கிய தொடருக்கு இயக்கும் உரிமை வழக்கமாக இருப்பதில்லை. அந்நியக் கோப்பு தானாக இயங்கிவிடக் கூடாது என்னும் பாதுகாப்பே காரணம். அக்கோப்பின் உரிமையாளர் நாமே. ஆகவே அந்த உரிமையை வழங்குபவரும் நாமே. 'சிஎச்மாட்' என்னும் கட்டளையோடு கூட்டல் குறியும் எக்ஸ் எழுத்தும் சேர்த்து, கோப்பின் பெயரைக் கொடுத்தால் போதும். பென் டிரைவிலிருந்தே இயக்க முயன்றால் இக்கட்டளை பலிக்காமற் போகலாம். அத்தகைய சாதனங்களில் இவ்வுரிமைகளைக் குறித்துவைக்க இடமே இல்லாதிருப்பதுண்டு. கோப்பை நம் இல்லக் கோப்புறைக்குப் படியெடுத்துக்கொண்டு முயலுதல் வேண்டும்.

இரண்டாம் வகை மறுப்பு வேறு. எல்லாப் பயனரும் பயன்படுத்தும் பொதுக் கோப்புறைகளில் எழுத முயன்றால் வருவது அது. அங்கே எழுத நிருவாகியின் உரிமை வேண்டும்; 'சூடோ' என்னும் கட்டளை அதற்கானது. இரு வகைகளையும் பிரித்தறியாமல் எல்லாவற்றுக்கும் முன்னால் சூடோ சேர்த்துவிடும் பழக்கம் தீங்கானது. அவ்வாறு செய்தால் நம் இல்லக் கோப்புறைக்குள்ளேயே நிருவாகிக்கு உரிய கோப்புகள் உண்டாகி, நாளை நம் வீட்டிலேயே நமக்கு அனுமதி மறுக்கப்படும்.

கல்லூரி ஆய்வகத்தில் நிருவாகி உரிமை இல்லாத மாணவர் மனந்தளர வேண்டியதில்லை. மூலநிரலிலிருந்து நிறுவும் மென்பொருள்கள் பலவற்றில், 'கான்ஃபிகர்' கட்டளையோடு 'ப்ரிஃபிக்ஸ்' என்னும் குறிப்பைச் சேர்த்து, நம் இல்லக் கோப்புறைக்குள்ளேயே நிறுவுமாறு சொல்லலாம். அதற்கு எவருடைய தனி உரிமையும் தேவையில்லை.

காணப்படவில்லை

அடுத்தது 'கட்டளை காணப்படவில்லை' என்னும் செய்தி. கோப்பு கண்ணெதிரே இருக்க, இல்லை என்கிறதே என்று இளைஞர் திகைக்கிறார். ஷெல் எல்லா இடங்களிலும் தேடுவதில்லை. 'பாத்' என்னும் பட்டியலில் குறிக்கப்பட்ட கோப்புறைகளில் மட்டுமே தேடுகிறது. பட்டியலில் இல்லாத தெருவுக்குள் நுழையாத தபால்காரர்களை நம் சேரிகள் அறியும். ஆனால் இங்கே அந்த வழக்கம் வஞ்சனையால் வந்ததன்று. நாம் நிற்கும் கோப்புறையில் யாரேனும் பொய்யான நிரலை வைத்திருந்தால் அது நம்மை அறியாமல் இயங்கிவிடக் கூடாது என்பதற்காகவே வந்தது. 'இங்கே இருப்பதையே இயக்கு' என்று சொல்ல, ஒரு புள்ளியும் ஒரு சாய்கோடும் இட்டு அதனை ஒட்டிக் கோப்பின் பெயரை எழுதுக.

தொடருக்குள்ளே வேறொரு கட்டளை காணப்படவில்லை என்றால், அக்கருவி நம் கணிப்பொறியில் நிறுவப்படவில்லை என்றே பெரும்பாலும் பொருள். மூலநிரலைத் தொகுக்கும் 'கம்பைலர்' இல்லையென்று சொன்னால், டெபியன் வழிவந்த தொகுப்புகளில் 'பில்ட்-எசென்ஷியல்' என்னும் பொதியை நிறுவுதல் வேண்டும். 'டாட் எச்' என முடியும் கோப்பு இல்லையென்று சொன்னால், அந்நூலகத்தின் பெயரோடு 'டெவ்' என்று முடியும் பொதியைத் தேடுதல் வேண்டும்.

ஒவ்வொரு கட்டளையும் முடியும்போது ஓர் எண்ணை விட்டுச் செல்கிறது. எக்கோ என எழுதி, இடம் விட்டு, டாலர் குறியையும் கேள்விக்குறியையும் சேர்த்து இட்டால் அவ்வெண் தோன்றும். 0 என்றால் வெற்றி. 127 என்றால் கட்டளை கிடைக்கவில்லை. 126 என்றால் கிடைத்தது, ஆனால் இயக்க இயலவில்லை. இம்மூன்று எண்களையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத எழுத்து

தட்டச்சுப் பயிலகத்தில் லோயர், ஹையர் பயின்ற மூத்தோர் இங்கே பலர் இருக்கிறீர்கள். ஒரு வரி முடிந்ததும் இரு செயல்கள் நிகழும். உருளை தொடக்கத்துக்குத் திரும்பும். தாள் ஒரு வரி மேலேறும். கணிப்பொறியில் இவ்விரு செயல்களுக்கும் இரு தனிக் குறிகள் உள. விண்டோஸ் ஒவ்வொரு வரி முடிவிலும் இரண்டையும் எழுதுகிறது. லினக்ஸ் இரண்டாவதை மட்டுமே எழுதுகிறது.

விண்டோஸில் திருத்திச் சேமித்த கட்டளைத் தொடரை லினக்ஸில் இயக்கினால், அந்த முதற்குறி கட்டளையின் பெயரோடு ஒட்டிக்கொள்கிறது. தட்டச்சுப் பொறியின் நிழல் கணிப்பொறியில் வந்து விழுகிறது! அப்போது பாஷ் இருந்தும், 'அப்படியொரு கோப்பு இல்லை' என்ற செய்தி வரும். செய்தியில் கூரைக் குறியும் எம் எழுத்தும் தென்பட்டால் நோய் இதுவே. 'டாஸ்-டு-யூனிக்ஸ்' என்னும் சிறு கருவியால் கோப்பை மாற்றிக்கொண்டால் தீரும்.

ஷெல்லின் கிளைமொழிகள்

தென்பாண்டித் தமிழும் சென்னைத் தமிழும் தமிழே ஆயினும், சில சொற்கள் ஓரிடத்தார்க்கு விளங்கி மற்றோரிடத்தார்க்கு விளங்காமற் போவதுண்டு. ஷெல்களும் அவ்வாறே. பாஷுக்கு விளங்கும் இரட்டைச் சதுர அடைப்பு, 'டாஷ்' என்னும் சிறிய ஷெல்லுக்கு விளங்காது. உபுண்டு 2006-ஆம் ஆண்டிலும் டெபியன் 2011-ஆம் ஆண்டிலும் வெளியிட்ட பதிப்புகளிலிருந்து, 'எஸ்எச்' என்று அழைத்தால் வருவது டாஷே. ஆகவே பாஷுக்காக எழுதிய தொடரை 'எஸ்எச்' என்று சொல்லி இயக்கினால், குற்றமற்ற வரியிலும் இலக்கணப் பிழை என்ற செய்தி வரக்கூடும்.

தீர்வு எளிது. தொடரின் முதல் வரியைப் பாருங்கள். எண் குறியும் வியப்புக் குறியும் அடுத்து எழுதப்பட்டிருப்பதே அத்தொடர் வேண்டும் ஷெல்லின் முகவரி. அங்கே பாஷ் என்றிருந்தால் பாஷைக் கொண்டே இயக்குக.

முதற் பிழையைத் தேடுக

மூலநிரலைத் தொகுக்கும்போது திரையில் நூற்றுக்கணக்கான வரிகள் ஓடும். இறுதியில் 'பிழை 2' என்று ஒரு வரி நிற்கும். புதியவர் அதையே பிடித்துக்கொண்டு பிறரைக் கேட்கிறார். அது மேலே ஏதோ தவறிற்று என்று அறிவிக்கும் வரி மட்டுமே. மேலே ஏறிச் சென்று, பிழை என்னும் சொல் முதன்முதலில் தோன்றும் இடத்தைத் தேடுதல் வேண்டும். அதனைத் தீர்த்தால் பின்வந்த பலவும் தாமே மறையும்.

அப்போதும் விளங்காவிடில் பாஷிடமே உதவி கேட்கலாம். 'பாஷ்' என்பதோடு இடைக்கோடும் என் எழுத்தும் சேர்த்துத் தொடரின் பெயரைக் கொடுத்தால், அது எதையும் இயக்காமல் இலக்கணத்தை மட்டும் சரிபார்க்கும். இடைக்கோடும் எக்ஸ் எழுத்தும் சேர்த்தால், ஒவ்வொரு கட்டளையையும் இயக்குமுன் திரையில் காட்டிச் செல்லும். எந்த அடியில் கால் இடறிற்று என்பது அப்போது தெளிவாகும்.

பிழை யாருடையது?

இங்கே இளைஞர்கள் ஊன்றிக் கேட்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. பிழை தோன்றினால் அது நம் பிழையாகத்தான் இருக்கும் என்று நாம் எண்ணிவிடுகிறோம். வரலாறு அவ்வாறு சொல்லவில்லை.

மடிக்கணிப்பொறிகளின் வரைகலைச் செயலியை லினக்ஸில் பயன்படுத்த உதவும் 'பம்பிள்பீ' என்னும் கட்டற்ற மென்பொருளின் நிறுவல் தொடரில், 2011-ஆம் ஆண்டில் ஒரே ஓர் இடைவெளி தவறாக விழுந்துவிட்டது. ஆழத்தில் இருந்த சிறு கோப்புறையை நீக்குவதற்காக எழுதிய கட்டளை, அந்த இடைவெளியால் 'யூஎஸ்ஆர்' என்னும் முதன்மைக் கோப்புறை முழுவதையும் நீக்கும் கட்டளையாக மாறிற்று. அதை நம்பி இயக்கியவர்களின் இயங்குதளம் சிதைந்தது. தவறு எழுதியவருடையது, இயக்கியவருடையது அன்று.

பாஷின் கதை இன்னும் பெரிது. 1989-இல் புகுந்த ஒரு குறைபாட்டை 2014-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஸ்டெஃபான் ஷாசெலா என்பவர் கண்டறிந்தார். 'ஷெல்ஷாக்' என்று உலகெங்கும் பேசப்பட்டது அதுவே. இருபத்தைந்து ஆண்டுகள்! நம் கழகத்தின் வயது முழுவதும் அது வல்லுநர் பலரின் கண்ணுக்கும் தப்பி அங்கேயே இருந்திருக்கிறது. முடிவில் அதை ஒருவர் கண்டார். மற்றவர்கள் அடுத்தடுத்த நாள்களில் திருத்தினார்கள். வல்லுநர்க்கும் பிழை உண்டு என்று அறிந்தவர், தம் திரையில் பிழையைக் கண்டு கூனிக் குறுகமாட்டார்.

இதனாலேயே ஓர் எச்சரிக்கையும் சொல்லுகிறோம். இணையத்தில் கண்ட கட்டளையைப் படிக்காமலே நிருவாகி உரிமையோடு ஷெல்லுக்கு ஊட்டிவிடாதீர்கள். முதலில் கோப்பாக இறக்குக, திறந்து படிக்க, ஐயமுள்ள வரியைக் கேட்டறிக, பின்னரே இயக்குக. முன்பே எழுதிய பாடங்களை வேறொரு பென் டிரைவில் படியெடுத்து வைத்துக்கொள்க.

நம் கடமை

ரிச்சர்டு ஸ்டால்மன் 1983-ஆம் ஆண்டில் க்னூ திட்டத்தை அறிவித்தார். நிரலை இயக்கவும், படிக்கவும், திருத்தவும், பிறர்க்கு வழங்கவும் எல்லார்க்கும் உரிமை வேண்டும் என்பது அதன் அடிப்படை. நமக்கு இக்கருத்து அந்நியமானதன்று. 1907-ஆம் ஆண்டில் இராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் தொடங்கிய வார இதழுக்கு 'ஒரு பைசாத் தமிழன்' என்பதே பெயர். அறிவு ஏழையின் கைக்கு எட்டும் விலையில் இருத்தல் வேண்டும் என்பதை இதழின் பெயரே பறைசாற்றிற்று. அவ்வழியில் வந்த நாம், விலையின்றியே கிடைக்கும் எழுத்தைப் படியாமல் மூடி வைக்கலாமா?

ஆகவே மூன்று வேண்டுகோள்களை இப்பேரவையின் முன் வைக்கிறோம்.

முதலாவது, நம் படிப்பகத்தில் ஒரு பிழைப் பதிவேடு திறக்கப்பட வேண்டும். இட்ட கட்டளை, வந்த செய்தி, தமிழில் அதன் பொருள், கண்ட காரணம், செய்த தீர்வு, நாள் ஆகியவற்றை ஒவ்வொருவரும் அதில் எழுதுக. ஒருவர் மூன்று நாள் போராடிக் கண்டது அடுத்தவர்க்கு மூன்று நிமிடத்தில் கிட்டும். இன்று கேட்பவர் நாளை சொல்பவராவார்.

இரண்டாவது, உதவி கேட்கும் முறையை இளைஞர்கள் கற்றல் வேண்டும். மருத்துவரிடம் சென்று 'உடம்பு சரியில்லை' என்று மட்டும் சொன்னால் அவர் என்ன செய்வார்? 'வேலை செய்யவில்லை' என்பதும் அத்தகையதே. இயங்குதளத்தின் பெயர், பதிப்பு, இட்ட கட்டளை, வந்த செய்தி ஆகியவற்றை ஓர் எழுத்தும் மாற்றாமல் தருக. செய்தி தமிழில் வருமாயின், 'எல்சி ஆல்' என்பதற்குச் 'சி' என்னும் மதிப்பைக் கொடுத்து மீண்டும் இயக்கி ஆங்கில வடிவத்தையும் பெறுக. உலகோர் விடைகள் அவ்வடிவில்தான் மிகுதியாகக் கிடைக்கும்.

மூன்றாவது வேண்டுகோள் பெற்றோர்க்கு. கருந்திரையில் வெள்ளை எழுத்து ஓடுவதைக் கண்டு, பிள்ளை வீணே பொழுது போக்குகிறது என்று எண்ணாதீர்கள். பிழையோடு போராடும் அந்த இரண்டு மணி நேரமே படிப்பு. குறிப்பாகப் பெண் பிள்ளைகளை அந்நேரத்தில் தண்ணீர்க் குடத்துக்கும் அடுப்படிக்கும் அழைக்காதீர்கள். அண்ணனுக்குக் கிடைக்கும் பொழுது தங்கைக்கும் கிடைக்கட்டும்.

இளைஞர்களே! பிழைச் செய்தி வந்தவுடன் மடிக்கணிப்பொறியை மூடாதீர்கள். உரக்கப் படியுங்கள். முதல் வரியிலிருந்து படியுங்கள். தமிழில் சொல்லிப் பாருங்கள். தெரியாத சொல்லைப் பதிவேட்டில் குறியுங்கள். பின் ஒரே ஒரு மாற்றம் செய்து மீண்டும் இயக்குங்கள். படிக்கும் உரிமைக்காக நம் முன்னோர் பட்ட பாடு கொஞ்சமன்று. அவ்வுரிமையை நான்கு வரி ஆங்கிலத்துக்கு அஞ்சி நாம் கைவிடலாகாது.